மலையகத்தில் வைட் லென்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

கமரா வாங்கி ஆறு மாதமோ ஒரு வருடமோ போனதும் நம் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதுதான்: "அண்ணா, மலை முழுசா ஒரே படத்துல விழணும். எந்த வைட் லென்ஸ் வாங்கலாம்?" கமராவோடு வந்த 18–55 மி.மீ. லென்ஸ் (இந்த எண் குறையக் குறையக் காட்சி அகலும்) போதவில்லை. கமரா கொம்பனியின் சொந்த வைட் லென்ஸ் விலை கைக்கு எட்டவில்லை. சிக்மா, டாம்ரன், டொகினா என்ற பெயர்கள் காதில் விழுந்திருக்கின்றன, ஆனால் காசைப் போடப் பயமாக இருக்கிறது.

அவர்களிடம் நான் முதலில் சொல்வது, தூரத்து மலைக்கு வைட் லென்ஸ் வேண்டியதில்லை என்பதைத்தான். தலவாக்கலையில் இருந்து ஹட்டன் போகும் பாதையோரம் நின்று சென் கிளேயர் அருவியைப் பாருங்கள். 80 மீட்டர் உயர அருவி. 18 மி.மீ. இலேயே அது படத்தில் சிறிதாகத்தான் விழும். அதே இடத்தில் நின்று 10 மி.மீ. லென்ஸில் எடுத்தால் அதன் அளவு இன்னும் பாதிக்குக் கிட்டச் சுருங்கி, பச்சைக்கு நடுவே ஒரு வெள்ளை நூல் மாதிரி ஆகிவிடும். எதிர்ச் சரிவில் நின்று ஒன்பது வளைவுப் பாலத்தை எடுப்பதும் அப்படித்தான், கமராவோடு வந்த கிட் லென்ஸே தாராளம். வைட் லென்ஸ் தூரத்தில் உள்ளதைச் சிறிதாக்கும், கிட்டத்தில் உள்ளதைப் பெரிதாக்கும். கிட்டப் போய் எடுக்கிறவருக்குத்தான் அது உதவும்.

நம் ஊரில் அது எங்கே தேவைப்படும் என்றால், லயத்துக் காம்பராவுக்குள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. சடங்கு வீடு. பிள்ளையை மனையில் உட்கார வைத்திருக்கிறார்கள், தாய்மாமன் மாலையோடு நிற்கிறார், அத்தைமார் தட்டுகளோடு வாசல் வரை நிற்கிறார்கள். முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு 18 மி.மீ. இல் பார்த்தால் பிள்ளையும் மாமனும் விழுவார்கள், தட்டு ஏந்திய கைகள் பாதியில் வெட்டுப்படும். பின்னால் போக இடமில்லை, இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) சனம். அதே சுவரில் சாய்ந்தபடி 11 மி.மீ. இல் பார்த்தால் தகரக் கூரையில் இருந்து தரையில் போட்ட கோலம் வரை எல்லாம் உள்ளே வந்துவிடும். நான் வைட் லென்ஸ் வாங்கியதற்குக் காரணம் இந்த ஓர் அறைதான். அப்புறம்தான் கோயில் மண்டபம், ரயில் பெட்டி, தேயிலைக் கொழுந்து மலை எல்லாம்.

முதலில் உங்கள் பழைய படங்களைப் பாருங்கள்

கடைசியாக எடுத்த ஒரு இருநூறு படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ. இல் எடுத்தது என்று பாருங்கள். படத்தின் விவரப் பகுதியில் அது இருக்கும். 18 இல் எடுத்தவை அதிகமாக இருந்து, அவற்றில் பலவும் பின்னால் போக இடமில்லாமல் எடுத்தவையாக இருந்தால் வைட் லென்ஸ் தேடுவதில் நியாயம் உண்டு. பெரும்பாலானவை 40, 55 என்று இருந்தால் இப்போது வேண்டாம். அந்தக் காசை ஒரு 50 மி.மீ. லென்ஸுக்கோ நல்ல முக்காலிக்கோ வைத்திருங்கள்.

கமராவின் பெயரை முழுதாக எழுதி வையுங்கள்

"என்னிடம் இருப்பது நிக்கோன்" என்றால் போதாது. மொடல் இலக்கம் வேண்டும். ஒரே லென்ஸை சிக்மாவும் டாம்ரனும் கெனனுக்கு ஒன்று, நிக்கோனுக்கு ஒன்று, சோனிக்கு ஒன்று என்று வெவ்வேறு மவுன்டில், அதாவது கமராவில் பூட்டும் வளையத்தில், செய்கிறார்கள். மாறிப் பொருந்தாது.

அடுத்தது சென்சர் அளவு, அதாவது கமராவுக்குள் படம் பதியும் தகட்டின் அளவு. புதிதாக வருகிறவர்களின் கமரா பெரும்பாலும் ஏபிஎஸ்-சி, அதாவது பெரிய ஃபுல் ஃபிரேம் சென்சரை விடச் சிறிய குரொப் சென்சர். நிக்கோன், சோனி, பியூஜி குரொப் கமராவில் மி.மீ. கணக்கை 1.5 ஆல் பெருக்க வேண்டும், கெனனில் 1.6 ஆல். ஆகவே 18 என்பது ஃபுல் ஃபிரேம் கமராவில் 27 அல்லது 29 மாதிரி இருக்கும். 10 என்பது 15 அல்லது 16 மாதிரி. பார்வைக் கோணமாகச் சொன்னால், மூலைக்கு மூலை 18 மி.மீ. இல் சுமார் 76 பாகை, 10 மி.மீ. இல் சுமார் 109 பாகை. இதனால்தான் "17–28 வைட் சூம்" என்று கேள்விப்பட்டு அதை ஒரு குரொப் கமராவுக்கு வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். ஃபுல் ஃபிரேமுக்கு அது அருமையான வைட், குரொப்பில் கிட்டத்தட்ட உங்கள் கிட் லென்ஸ்தான். குரொப் வைத்திருப்பவர் 10, 11 இல் தொடங்கும் லென்ஸைத் தேடுங்கள்.

நிக்கோன்காரர்களுக்கு இன்னொன்று. டி3000, டி5000 வரிசைக் கமராக்களில், உதாரணமாக டி3500, டி5600 போன்றவற்றில், உடம்புக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. லென்ஸுக்குள் மோட்டார் இருந்தால்தான் ஒட்டோ ஃபோகஸ் வேலை செய்யும். டொகினா 11–16 எஃப் 2.8 லென்ஸின் (எஃப் எண் எவ்வளவு சிறிதோ அவ்வளவு வெளிச்சம் வாங்கும்) முதல் பதிப்பு 2008 இல் வந்தது, அதன் நிக்கோன் மவுன்டில் மோட்டார் கிடையாது. 2012 இல் வந்த இரண்டாம் பதிப்பில் உண்டு. பாவித்த சந்தையில் இரண்டும் ஒரே பெயரில் சுற்றுகின்றன. பெயருக்குப் பின்னால் இரண்டு என்ற ரோம இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். டி7200, டி7500 போன்றவற்றில் உடம்பிலேயே மோட்டார் இருப்பதால் அவர்களுக்கு முதல் பதிப்பும் சரி.

ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?

இந்தக் கேள்வி எங்கள் வீட்டிலும் வந்தது. சிக்மாவும் டாம்ரனும் டொகினாவும் போலிச் சாமான் செய்கிறவர்கள் அல்லர். மூன்றும் ஜப்பானியப் பெயர்கள். டாம்ரனும் டொகினாவும் 1950 இல் தொடங்கியவை, சிக்மா 1961 இல். சிக்மாவின் தொழிற்சாலை ஃபுகுஷிமா மாகாணத்தின் ஐசு பகுதியில் இருக்கிறது. கமரா கொம்பனியை விடக் குறைந்த விலையில், சில வேளை அந்தக் கொம்பனி செய்யவே செய்யாத லென்ஸையும் இவர்கள் செய்வார்கள். 11–16 எஃப் 2.8 அப்படி வந்ததுதான். அந்தக் காலத்தில் குரொப் கமராவுக்கு அவ்வளவு வைட்டாக, அவ்வளவு வெளிச்சம் வாங்கும் சூம் கெனனிடமும் இல்லை, நிக்கோனிடமும் இல்லை.

லென்ஸின் உடம்பில் உள்ள எழுத்துகளை வாசிக்கப் பழகுங்கள். சிக்மாவில் டிசி என்றால் குரொப்புக்கு, டிஜி என்றால் ஃபுல் ஃபிரேமுக்கு, கூடவே டிஎன் இருந்தால் மிரர்லெஸ், அதாவது உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கமராவுக்கு. டாம்ரனில் டிஐ ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆருக்கு (அந்தக் கண்ணாடி உள்ள கமராவுக்கு), அது குரொப்பிலும் போகும். டிஐ இரண்டு என்றால் குரொப் டிஎஸ்எல்ஆர், டிஐ மூன்று என்றால் மிரர்லெஸ், அதன் பின்னால் ஏ இருந்தால் குரொப் மிரர்லெஸ். விசி என்பது கை நடுக்கத்தைக் குறைக்கும் வசதி. டொகினாவில் டிஎக்ஸ் குரொப், எஃப்எக்ஸ் ஃபுல் ஃபிரேம்.

எஃப் 2.8 வேண்டுமா?

எதை எடுக்கப் போகிறீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவின் விளிம்புப் புல்லை முன்னால் வைத்துப் பள்ளத்தாக்கை எடுப்பவருக்கு எஃப் 8 தான் வேலை செய்யும் இடம். அவர் எஃப் 4.5 லென்ஸ் வாங்கினால் ஒரு குறையும் இல்லை, எடையும் விலையும் குறையும். காம்பராவுக்குள் ஒரு குண்டு பல்ப் வெளிச்சத்திலோ தேர் இரவிலோ சிவனொளிபாத மலைப் படிகளிலோ எடுப்பவருக்கு எஃப் 2.8 வேண்டும். எஃப் 4 ஐ விட எஃப் 2.8 இரண்டு மடங்கு வெளிச்சம் வாங்கும். ஐஎஸ்ஓவை (சென்சரின் வெளிச்ச உணர்வு அளவை) 6400 இல் வைத்து எடுக்க வேண்டியதை 3200 இல் எடுக்கலாம்.

நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் எஃப் எண் பெரிதாக இருந்தாலும் சமாளிக்கலாம் என்று சொல்வார்கள். கோயில் தூணுக்கு அது உண்மை. ஆலாத்தி எடுக்கும் கைக்கு அது உதவாது. ஆடும் கையை நிறுத்த ஷட்டர் வேகம்தான் வேண்டும்.

நான் சொல்லும் லென்ஸ்கள்

குரொப் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவருக்கு முதலில் ஒரு நேர்மையான சொல். பகல் வெளிச்சத்தில் மட்டும் எடுப்பீர்கள் என்றால் கெனனின் சொந்த 10–18 எஃப் 4.5–5.6 ஐயும் விலை கேட்டுப் பாருங்கள். 2014 இல் வந்தது, 240 கிராம், நடுக்கம் தடுக்கும் வசதியும் உண்டு. பாவித்தது கிடைத்தால் மூன்றாந்தரப்பு லென்ஸைத் தேடி அலையவே தேவையில்லாமல் போகலாம். நிக்கோனின் 10–20 உம் அதே மாதிரி இலேசானதுதான், ஆனால் டி3100, டி5100 போன்ற பழைய உடம்புகளில் அது ஃபோகஸ் ஆகாது.

அறைக்குள்ளும் இரவிலும் எடுப்பவருக்கு டொகினா 11–16, அல்லது 2015 இல் வந்த 11–20, இரண்டுமே எஃப் 2.8. உலோகம் நிறைந்த உறுதியான கட்டு. ஃபோகஸ் வளையத்தை முன்னும் பின்னும் தள்ளி ஒட்டோவில் இருந்து கைக்கு மாற்றும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும், இருட்டில் கண் பார்க்காமலே செய்யலாம். ஆனால் 11–16 இல் எதிரே வெயிலோ பல்போ இருந்தால் வெளிச்சம் சிதறும், மரக்கிளைகளின் ஓரத்தில் ஊதா நிறக் கோடு வரும். 11 இல் இருந்து 16 என்பது குறுகிய தூரமும் கூட. அதனால் சடங்கு வீட்டில் இன்னொரு லென்ஸ் கட்டாயம் கையில் இருக்க வேண்டும்.

ஒரே லென்ஸோடு அலைபவருக்கு டாம்ரன் 10–24. 2017 இல் வந்த புதிய பதிப்பையே வாங்குங்கள். விசி உண்டு, ஈரம் உள்ளே போகாமல் தடுப்பு உண்டு, முன் கண்ணாடியில் தண்ணீர் ஒட்டாத பூச்சும் உண்டு. 440 கிராம். அதற்கு முந்திய 2008 பதிப்பும் அதே மி.மீ. கணக்கில்தான் சந்தையில் இருக்கிறது, அதில் இவை எதுவும் இல்லை. சிக்மா 10–20 இல் இரண்டு உண்டு. எஃப் 4–5.6 பழையது, எஃப் 3.5 அடுத்து வந்தது. பழையதன் பில்டர் (லென்ஸின் முன்னால் பூட்டும் கண்ணாடி) 77 மி.மீ., மற்றதன் பில்டர் 82 மி.மீ. பில்டர் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

மிரர்லெஸ் குரொப்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். டாம்ரன் 11–20 எஃப் 2.8 முதலில் சோனிக்கு 2021 இல் வந்தது, 335 கிராம். சிக்மா 10–18 எஃப் 2.8, 2023 இல் வந்தது, 260 கிராம் அளவுதான். இரண்டுக்கும் 67 மி.மீ. பில்டர், இரண்டுமே பியூஜிக்கும் உண்டு. கெனன் ஆர்50, ஆர்10, ஆர்7 வைத்திருப்பவர்கள் 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுதான் சிக்மாவும் டாம்ரனும் அந்த மவுன்டில் ஒட்டோ ஃபோகஸ் குரொப் லென்ஸ் விடத் தொடங்கின, இந்த இரண்டும் அதில் அடங்கும். நம் மழைக்கு எது என்று கேட்டால் நான் டாம்ரனைச் சொல்வேன், உடம்பிலும் ஈரத் தடுப்பு உண்டு. சிக்மாவில் மவுன்டில் மட்டும்தான். நடை நடையாய் மலை ஏறுபவருக்கு சிக்மா.

ஃபுல் ஃபிரேம்காரர்களுக்குச் சுருக்கமாக: சோனியில் டாம்ரன் 17–28 எஃப் 2.8, அல்லது சிக்மா 16–28 எஃப் 2.8. இரண்டும் அரைக் கிலோவுக்குள்.

முன் கண்ணாடி உருண்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் லென்ஸ்களும் உண்டு. சிக்மா 8–16, சிக்மா 14–24, டாம்ரன் 15–30 இந்த வகை. முன்னால் சாதாரண பில்டர் போட முடியாது. படம் அற்புதமாக வரும், ஆனால் முதல் வைட் லென்ஸாக இங்கே வாங்க வேண்டாம் என்பேன். நம் பனி கண்ணுக்குத் தெரியாமலே கண்ணாடியில் படியும். அம்பேவெலப் பக்கம் ஒரு காலையில் பத்துத் தடவை துடைக்க வேண்டி வரும். பில்டர் போட்ட லென்ஸில் பில்டரைத் துடைப்பீர்கள், கீறல் விழுந்தாலும் போவது பில்டர்தான். மினுமினுப்பைக் குறைக்கும் போலரைசர் பில்டர் வாங்க வேண்டாம். இவ்வளவு அகலமான கோணத்தில் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கருநீலமாகி அசிங்கமாகத் தெரியும். அருவிப் பாறையின் மினுமினுப்பைக் குறைக்க மட்டும் அது உதவும்.

கடையில் நிற்கும்போது

2022 இல் ரூபாய் விழுந்ததில் இருந்து நம்மில் பலர் பாவித்த லென்ஸைத்தான் வாங்குகிறோம். அதில் தவறே இல்லை, பார்த்து வாங்கினால். உங்கள் கமராவைக் கட்டாயம் கொண்டு போங்கள். படத்தைப் பார்த்து மட்டும் காசு அனுப்ப வேண்டாம்.

லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, ஃபோன் டோர்ச்சை ஒரு முனையில் இருந்து சரித்து அடித்து மறு முனையில் இருந்து பாருங்கள். தூசி இரண்டு மூன்று இருக்கும், பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி, வேர் மாதிரி கிளை விட்ட மெல்லிய நூல் தெரிந்தால் அது பூஞ்சணம். எவ்வளவு விலை குறைத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் வெண்புகை மாதிரி தெரிந்தாலும் அப்படியே. மவுன்டின் உலோகத் தொடுமுனைகள் சுத்தமா, சூம் வளையம் எங்கேயும் சிக்காமல் ஒரே சீராகத் திரும்புகிறதா என்று கையால் பாருங்கள்.

பிறகு கமராவில் போட்டு ஒரு நேரான சுவரை எடுங்கள். வைட் லென்ஸ்களில் அடிக்கடி வரும் கோளாறு உள்ளே ஒரு கண்ணாடி சற்றுச் சரிந்திருப்பது. அப்போது ஒரு பக்கம் கூர்மையாகவும் மறு பக்கம் மங்கலாகவும் விழும். கடையில் எதிர்ப்பக்கக் கட்டடத்தை எடுத்துப் பாருங்கள். தோட்டத்துக்குக் கொண்டு வந்து சோதிக்க விட்டால் நம் தேயிலை ஸ்டோரை (தொழிற்சாலையை) விட நல்ல சோதனைப் பலகை இல்லை. மூன்று மாடி, வரிசை வரிசையாகக் கண்ணாடி யன்னல்கள், எல்லாம் ஒரே தளத்தில். நேர் எதிரே, கமராவை மட்டமாக வைத்து, முழுக் கட்டடமும் ஓரம் வரை நிறைகிற தூரத்தில் நில்லுங்கள். எஃப் எண்ணை அதன் மிகச் சிறியதில் வைத்து ஒன்று, எஃப் 8 இல் ஒன்று எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலை யன்னல்களின் சட்டங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவு மங்கல் என்றால் அது அந்த லென்ஸின் இயல்பு, எஃப் 8 இல் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு மூலை மட்டும் எஃப் 8 இலும் தேறவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள்.

டிஎஸ்எல்ஆர் என்றால் இன்னொரு சோதனை: ஒரே பொருளைக் கண்துளை வழியே ஃபோகஸ் செய்து ஒன்று, திரையில் பார்த்து ஃபோகஸ் செய்து ஒன்று. திரையில் எடுத்தது மட்டும் எப்போதும் கூர்மையாக இருந்தால் அந்த லென்ஸும் உங்கள் கமராவும் ஒத்துப் போகவில்லை. புதிதாக வாங்குபவர் வொரன்டி ஏஜென்ட் தருவதா, கடை தருவதா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

முதல் வாரம்

லென்ஸை அதன் மிக வைட்டான இடத்தில் வைத்து, சூம் வளையத்தைத் தொடாமல் ஒரு வாரம் எடுங்கள். 11 மி.மீ., எஃப் 8, ஒரு மீட்டரில் ஃபோகஸ். குரொப் கமராவில் சுமார் அரை மீட்டரில் இருந்து கண்ணுக்கு எட்டும் மலை வரை எல்லாம் கூர்மையாக இருக்கும்.

கொழுந்து மலையில் ஒரு தேயிலைச் செடியின் முன்னால் உட்காருங்கள். நிற்க வேண்டாம். இரண்டு இலையும் மொட்டும் லென்ஸில் இருந்து ஒரு முழத் தூரத்தில் இருக்க வேண்டும். இப்போது அந்தக் கொழுந்து படத்தின் முன்னால் எடுப்பாகத் தெரியும், செடி வரிசைகள் அதன் பின்னால் இறங்கி ஓடும், தூரத்து மலை தன் இடத்தில் அமைதியாக நிற்கும். அதே இடத்தில் எழுந்து நின்று எடுத்துப் பாருங்கள், வெறும் பச்சைப் பாய்தான். இன்னும் கிட்டப் போக வேண்டுமானால் சிக்மா 10–18 வைட் முனையில் 12 சென்ரிமீட்டருக்கும், டாம்ரன் 11–20 அது போல 15 சென்ரிமீட்டருக்கும் இடம் கொடுக்கும். டொகினா 11–16 க்கு 30 வேண்டும். இந்தத் தூரம் சென்சரில் இருந்து அளப்பது என்பதால் முதல் இரண்டு லென்ஸிலும் உண்மையில் இலை கண்ணாடியைத் தொடுகிற மாதிரி இருக்கும்.

ஆட்களை எடுக்கும்போது இது வேறு மாதிரி. கொழுந்து எடுக்கிற ஓர் அம்மாவை வைட் லென்ஸில் எடுக்க வேண்டுமானால் அவருக்கு ஒரு கை தூரத்தில் நிற்க வேண்டும். கேட்காமல் அங்கே போய் நிற்கக் கூடாது. பாதையோரம் வண்டியை நிறுத்தி அவர்களைக் காட்சிப் பொருளாக எடுத்துப் போகிறவர்களை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். நாம் அந்த மண்ணின் பிள்ளைகள். "அம்மா, ஒரு படம் எடுக்கவா?" என்று கேட்டு, நிறை போடும் நேரம் குறுக்கே நிற்காமல், எடுத்ததைத் திரையில் காட்டுங்கள்.

குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்பவரின் முகம் பக்கவாட்டில் இழுபட்டு முட்டை மாதிரி ஆகும். அப்பாயியையும் அம்மாயியையும் வரிசையின் கடைசியில் நிறுத்தாதீர்கள். அவர்களை நடுவில் உட்கார வைத்து, எல்லோரையும் இலேசான பிறை வடிவில் நிறுத்தி, 16, 18 க்கு சூமைக் கொண்டு வந்து எடுங்கள். கோபுரத்தை எடுக்கக் கமராவை மேலே தூக்கினால் கோபுரம் பின்னால் சாயும். கமராவை மட்டமாக வைத்துக் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்து, கீழே மிஞ்சும் தரையை வெட்டி விடுங்கள். நானுஓயாவில் இருந்து எல்ல போகும் ரயிலில் இந்த லென்ஸுக்கு யன்னலுக்கு உள்ளே இருந்தே வேலை உண்டு: யன்னல் சட்டம், குழந்தையின் முகம், வெளியே மலை மூன்றும் ஒன்றாக விழும். கதவில் தொங்கி எடுக்க வேண்டாம், சுரங்கச் சுவரும் கம்பமும் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் போகின்றன.

வீட்டில் வைப்பது

என் முதல் வைட் லென்ஸ் பூஞ்சணத்தில்தான் போனது. ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழை தொடங்கினால் துணி காய வாரம் ஆகும். அந்த மழையில் இரண்டு மாதம் அதைத் துணிப்பையோடு அலமாரியில் வைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது நடுக் கண்ணாடியில் வேர் ஓடியிருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தம்தான்.

நீங்கள் லென்ஸ் வாங்கும் நாளிலேயே ரப்பர் விளிம்போடு இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும், நிறம் மாறும் சிலிகா ஜெல்லும், சிறிய ஈரமானி ஒன்றும் வாங்கிவிடுங்கள். ஈரமானி 40 க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும். சிலிகா ஜெல் நிறம் மாறினால் அடுப்புச் சூட்டில் உலர்த்தித் திரும்பப் போடலாம். பனிக்குள் நின்றுவிட்டு வந்தால் உடனே பெட்டியில் வைத்து மூடாதீர்கள். வெளிப்புறத்தைத் துணியால் ஒற்றி, அறையில் சில மணி நேரம் ஆற விட்டுப் பிறகு வையுங்கள். மழை மாதங்களில் வாரம் ஒருமுறை வெளியே எடுத்து நாலு படமாவது எடுங்கள், திரும்ப வைக்கும்போது டோர்ச் அடித்துப் பாருங்கள்.